உள்ளங்கையில் விளைந்த உப்பு

இது சிரிப்புக் கதை. உள்ளே ஒரு சிரிப்பு கிடக்கிறது, பொய்யில்லை, கேட்டவர்கள் முந்நூறு பேர் உயிரோடு இருக்கிறார்கள், வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் இப்போதே எடுத்து நீட்டினால் ஈரம் சொட்டும், பாத்தியிலிருந்து வாரிய உப்பை வரப்பில் ஏற்றி வடியவிட்ட பிறகுதானே அம்பாரத்தில் கொண்டுபோய்க் குவிக்கிறார்கள், அதுபோல இந்தச் சிரிப்பும் கொஞ்ச நேரம் வடியட்டும், அதுவரை சும்மா இருக்க முடியாதவர்கள் லிங்கதுரையின் குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

லிங்கதுரைக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு, சொந்தமாக ஒரு குரல் இருந்ததா என்று பெற்றவர்களுக்கே நிச்சயமில்லை. கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடக்கிற கருங்கழி என்ற அந்த உப்பளத்து ஊரில் அவன் பேசாத குரல் கிடையாது. அளத்துக் கணக்கப்பிள்ளை தவசிக்கண்ணுவின் மூக்கடைத்த குரலில் ஒருநாள், “ஏய், மேகம் இறங்குது, எல்லாம் கரையேறுங்க” என்று கத்தினான், உச்சி வெயிலில் நாற்பது பேர் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், தவசிக்கண்ணுவும் ஓடினார், தான் எப்போது கத்தினோம் என்று யோசித்துக்கொண்டே ஓடினார். ஹெட்மாஸ்டர் குரலில், “லாங் பெல் அடிப்பா” என்று வராந்தாவில் ஒரு சொல் விட்டு, மூன்று மணிக்கே பள்ளிக்கூடம் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பினான். குட்டியைத் தொலைத்த ஆடு, சைலன்சர் உடைந்த மினிபஸ், நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று போனுக்குள்ளிருந்து சொல்லும் அம்மாள், எல்லாரும் அவன் தொண்டையில் குடியிருந்தார்கள். மாட்டிக்கொண்டு அடி வாங்கியபோதும் அடிக்கிறவர் குரலிலேயே அலறினான், அடித்தவர் சிரிப்புத் தாங்காமல் கம்பைக் கீழே போட்டார்.

அவன் வீட்டுக்கும் வேலாண்டி சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சித்தப்பா மகள் மாரிக்கனிக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டும் என்பதால் சித்தப்பாவும் பொன்னுத்தாய் சித்தியும் விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடுவார்கள், ஆகவே அந்தப் பிள்ளையின் காலை நேரங்களை அறிந்தது அந்தச் சுவரும், இந்தப் பக்கம் பாயில் சுருண்டு கிடந்த லிங்கதுரையின் காதும்தான். தின்ற இட்லியை முற்றத்து ஓரத்தில் வாந்தியெடுக்கிற சத்தம். நாலாவது தடவையாகச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகிற கால்சத்தம். வருகைப் பதிவுக்குச் சொல்ல வேண்டிய “உள்ளேன் டீச்சர்” என்ற இரண்டே வார்த்தையை, ஒருமுறை உரக்க, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை ‘உள்’ளில் அழுத்தி, ஒருமுறை அழுத்தாமல், இருபது தடவை, முப்பது தடவை சொல்லிப் பார்க்கிற சத்தம். ஊரிலேயே நல்ல காது அவனுடையது. அந்தக் காதால் இத்தனையும் கேட்டுவிட்டு அவன் செய்தது, போர்வைக்குள் இருந்தபடியே அதே மாதிரி “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிப் பழகியதுதான்.

பள்ளி ஆண்டுவிழா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, (ஆண்டுவிழாவைப் பிறகு சொல்லலாம், சிரிப்பு அதில்தான் கிடக்கிறது), மூன்றாவது பீரியடில், மாரிக்கனியின் உள்ளங்கையில் உப்பு விளைந்தது.

முதலில் வேர்த்தது, எப்போதும் வேர்க்கிற கைதான் அது, பிறகு வேர்வை ரேகைகளுக்குள் தேங்கி, ஓரம் கட்டி, ஆடை படர்ந்து, சின்னச் சின்னச் சதுரக் கல்லாக உறைந்து, விரல் இடுக்கு வழியாகத் தமிழ்ப் புத்தகத்தின் மேல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஹெலன் டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

“ஏட்டி கனி, சத்துணவுக் கூடத்துல இருந்து அள்ளிட்டு வந்தியா?”

“இல்ல டீச்சர். கை வேர்க்கு.”

“வேர்த்தா பாவாடையில துடைக்கணும். எந்திரிச்சு வாசி.”

எழுந்து வாசித்தாள், வாசிக்க வாசிக்க உதிர்ந்தது, பாடம் முடிந்தபோது ஒரு கைப்பிடி இருந்தது, பெஞ்சுத் தோழிகள் அதைத் தாளில் மடித்துக்கொண்டுபோய் மத்தியானம் மாங்காய்க்குத் தொட்டுத் தின்றார்கள்.

அரிசி விளைகிற ஊராக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள், அல்லது வேப்பிலை அடிக்க ஆள் தேடியிருப்பார்கள், எதையாவது செய்திருப்பார்கள். கருங்கழியில் மழைதான் கெட்ட சேதி. உப்பைப் பார்த்து முகம் சுளித்தவர் அந்த ஊரில் பிறந்ததே இல்லை. சாயங்காலம் தவசிக்கண்ணு வந்தார், ஒரு கல்லை நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவர் கண்ணைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

“கசப்பே இல்ல, பொன்னுத்தாயி. நம்ம பாத்தியில இந்தத் தரம் நான் பார்த்ததில்ல.”

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா அண்ணாச்சி?”

“என்ன ஆவும்? அளத்துப் பிள்ளைக்கு உப்பு விளையாம சீனியா விளையும்?”

எல்லாரும் சிரித்தார்கள். (இது அந்தச் சிரிப்பு இல்லை.) வேலாண்டி சித்தப்பா மகளின் தலையைத் தடவினார், அவர் அவள் தலையைத் தடவி எத்தனையோ வருஷமாகியிருந்தது, அதனால் அவள் சொல்ல வந்த வயிற்று வலியைச் சொல்லாமல் விழுங்கினாள்.

அதன் பிறகு ஊர் அந்தக் கைக்குப் பழகிக்கொண்டது, ஒரு புதுப் பாத்திக்குப் பழகுகிற மாதிரி. பொன்னுத்தாய் சித்தி காலை வேலையை விட்டுவிட்டு, மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கருவாடு போடுகிறவர்கள் வந்து ஆழாக்கு வாங்கிப் போனார்கள், அந்த உப்பில் போட்ட சாளை புழு வைக்கவில்லை. பால் காய்ச்சுகிற புதுவீட்டுக்காரர்கள் முதலில் அதைத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். உடம்பில் மரு உள்ளவர்கள் கோயிலில் கொட்ட வாங்கிப் போனார்கள். மிச்சத்தை வேலாண்டி சித்தப்பா வீட்டுப் பின்பக்கத்தில் குட்டி அம்பாரமாகக் குவித்து, பெரிய அம்பாரங்களுக்குப் போடுவது போலவே பனையோலை வேய்ந்தார். தவசிக்கண்ணு உப்புநீரின் அடர்த்தி பார்க்கிற டிகிரி மீட்டரைக் கொண்டுவந்து அவள் வேர்வையில் மிதக்கவிட்டு, இருபத்துநாலு, உப்பு இறங்குகிற பதம் என்று சொல்லி, தானே வேர்த்துப் பெற்றவர் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

அது எப்போது விளைகிறது என்பதில் மட்டும் ஊருக்குள் சண்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்கூட விழுவதில்லை. திங்கள் காலை ஏழரைக்கு மேல் அமோகம். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் பெஞ்சு கொள்ளாது. கச்சான் காற்று அப்படி என்றார்கள், வளர்பிறை என்றார்கள், செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாள் அல்லவா என்று தவசிக்கண்ணு தீர்த்துவைத்தார். காற்றையும் நிலாவையும் சாமியையும் பார்த்தவர்கள், பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த பாட அட்டவணையைப் பார்க்கவில்லை. செவ்வாய் மூன்றாவது பீரியட் வாய்விட்டு வாசிக்கிற வகுப்பு.

மாரிக்கனி நகங்களைச் சதை தெரியக் கடித்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். “நாளைக்கு யாரை வாசிக்கச் சொல்லுவாவம்மா?” என்று கேட்டாள், பதில் சொன்ன அஞ்சாவது நிமிஷம் மறுபடியும் அதையே கேட்டாள்.

“உன்னையத்தான் சொல்லுவாவ. நல்லா வாசி.”

“வயித்த வலிக்கும்மா.”

“ஓமத்தண்ணி வச்சிருக்கேன், குடி. கையை நேரா நீட்டு, வெளியே சிந்துது பாரு.”

ஒருநாள் காலையில் பொன்னுத்தாய் சித்தி தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், உள்ளே நாடி கட்டவிழ்த்த ஆட்டுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டிருந்தது, “என்னட்டி இது, இப்படி அடிக்கு?” என்று கேட்டாள், கேட்டுவிட்டாள், மகளும் வாயைத் திறந்துவிட்டாள், வாசலில் கருவாட்டுக்காரி, “பொன்னுத்தாயக்கா, இன்னைக்கு ரெண்டு ஆழாக்கு” என்று கூப்பிட்டாள். சித்தி எழுந்து போய் அளந்து கொடுத்துவிட்டு வந்தபோது மாரிக்கனி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். இவ்வளவுதான் தூரம், ஒரு ஆழாக்குத் தூரம், பிறகு சித்தி அதை நினைத்து எத்தனையோ நாள் அடுப்படியில் நின்றாள்.

மே மாதம் பள்ளிக்கூடம் அடைத்தார்கள். மாரிக்கனியின் கை உலர்ந்தது. உப்பில் வெடித்திருந்த ரேகைகள் ஆறி மூடின, அவள் ஒரு வாரம் தொடர்ந்து முழு இட்லி தின்றாள், சுவர் வழியாக ஒருநாள் பாட்டுச் சத்தம்கூட வந்தது. ஆனால் மேயில்தான் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, அந்த வருஷம் உச்சிக்கொடை பூஜையில் மாரிக்கனி பந்தலில் உட்கார்ந்து தன் கையாலேயே ஊருக்கு உப்பு கொடுப்பாள் என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போயிருந்தது.

“காஞ்சு போச்சே வேலாண்டி,” என்றார் தவசிக்கண்ணு. “நாலு ஊரு வருது. என்ன சொல்ல?”

லிங்கதுரை முற்றத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு விளையாட்டாக ஒன்று தோன்றியது, விளையாட்டாகத் தோன்றாத எதுவும் அதுவரை அவனுக்குத் தோன்றியதில்லை. சுவருக்குப் பின்னால் போய் ஹெலன் டீச்சர் குரலில், “எட்டாங்கிளாஸ் மாரிக்கனி, எந்திரிச்சு வாசி” என்றான்.

உள்ளே தரையில் கல் விழுகிற சத்தம் கேட்டது.

ஊர் அவனைத் தோளில் தூக்காத குறை. தவசிக்கண்ணு தன் குரலை அவன் திருடியதையெல்லாம் மன்னித்தார். “எல, நீ என்ன மந்திரம் போட்ட?” என்று கேட்டவர்களிடம் லிங்கதுரை, “பாத்திக்குத் தண்ணி கட்டுற மாதிரிதான் மாமா” என்று பெருமையாகச் சொன்னான், அவர்களும் ஆமாம், தண்ணி கட்டினால் விளையத்தான் செய்யும் என்று ஒத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. பயத்தைக் கட்டினான், உப்பு விளைந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

கொடை அன்று உச்சி வெயிலில், பந்தலுக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைவில் அவனை நிறுத்தினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மாரிக்கனி மஞ்சள் பாவாடையோடு, மாலையோடு, மரப்பலகையில். மேளம் நின்றதும் லிங்கதுரை தொடங்கினான். ஹெலன் டீச்சர் வந்தாள், எந்திரி என்றாள். ஹெட்மாஸ்டர் வந்தார், எங்கே இவள், இன்னும் வாசிக்கவில்லையா என்றார். வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், முணுமுணுத்தார்கள், களுக்கென்று சிரித்தார்கள், ஒற்றைத் தொண்டையிலிருந்து ஒரு பள்ளிக்கூடமே இறங்கி வந்து அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்றது. உப்பு கொட்டியது. மடியை நிறைத்து, பலகையை மூடி, கணுக்கால் வரை, முட்டு வரை ஏறியது, நாலு ஊர் சனமும் குலவையிட்டு முந்தானையில் ஏந்தியது, கடைசியாக விழுந்த கற்களில் லேசாகச் சிவப்பு கலந்திருந்தது, அதையும் குங்குமம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் எழுந்து ஓடவில்லை. உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்ன அடக்கம் பாரு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது லிங்கதுரை அவளைத் தேடிப் போனான், பாராட்டு வாங்கத்தான் போனான். கோயில் கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, பாத்தியா கூட்டத்தை. தட்டிக்குப் பின்னால யாருன்னு கண்டுபிடி.”

“நீதான்.”

“எப்பம் தெரிஞ்சுது?”

“மொதல்லயே. ஹெலன் டீச்சருக்கு லீவு. அவிய ஊருக்குப் போயிட்டாவ.”

அவனுக்குச் சப்பென்று ஆனது. “தெரிஞ்ச பொறவு ஏன் கொட்டுச்சு?”

“தெரிஞ்சா நிக்கும்னா என்னைக்கோ நின்னுருக்கும்ணே.” வாளித் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். “பள்ளிக்கூடம் இல்லன்னும் தெரியும். யாரும் அடிக்க மாட்டாவன்னும் தெரியும். நெஞ்சுக்குத் தெரிய மாட்டேங்கு.”

லிங்கதுரைக்கு யார் குரலில் பதில் சொல்வதென்று தெரியவில்லை. “சும்மா விளையாட்டுக்குல்லா,” என்றான். “ஆண்டுவிழாவுலயும் விளையாட்டுக்குத்தான் செஞ்சேன். நீயே சிரிச்ச.”

ஆண்டுவிழாவை இனிமேலும் தள்ளிப்போட முடியாது. அன்று அவன் மேடையேறி, மைக்கைப் பிடித்து, “அடுத்ததாக, எட்டாம் வகுப்பு மாரிக்கனி வாசிப்பாள்” என்று ஹெட்மாஸ்டர் குரலில் அறிவித்துவிட்டு, மாரிக்கனியாகவே மாறினான். முப்பது விதமான உள்ளேன் டீச்சர். நடுங்குகிற தாளை மைக்கோரம் பிடித்துப் படபடக்க விட்டான், ஒவ்வொரு வரி முடிவிலும் எச்சிலை விழுங்கினான், மூச்சு அறுந்து பாதி வார்த்தையில் நின்றான். முந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஹெலன் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பொன்னுத்தாய் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூன்றாவது வரிசையில் மாரிக்கனியும் சிரித்தாள். அவன் மேடையிலிருந்தே பார்த்தான். பிறகு யாராவது, எல, அந்தப் பிள்ளை மனசு நொந்திருக்கும்லா என்று கேட்டால், அவளே சிரிச்சா என்பான், கேட்டவர்களும் சரிதான் என்று நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பை அவன் ஐந்து மாதமாக ரசீது மாதிரிப் பையில் வைத்திருந்தான்.

“சிரிச்சேன்,” என்றாள் மாரிக்கனி. “எப்படிச் சிரிச்சேன்? செஞ்சு காட்டு.”

“அது என்ன பெரிய காரியமா.” சிரித்துக் காட்டினான்.

“அது இல்ல.”

மறுபடி சிரித்தான், இன்னும் மெல்லிசாக, பெண்பிள்ளைச் சிரிப்பாக.

“அதுவும் இல்லண்ணே.”

அவனுக்கு ரோஷம் வந்தது, கருங்கழியில் அவனுக்குப் பிடிபடாத குரல் ஏது. கண்ணை மூடி, மூன்றாவது வரிசையில் அந்த முகத்தைத் தேடினான். தோள் காதுவரை ஏறியிருந்தது, அவனும் தோளை ஏற்றினான். கை இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன, அவனும் கையை அடியில் கொடுத்து உட்கார்ந்தான். இன்னும் சத்தம் வரவில்லை. பல்லைக் கடித்தான், வந்தது போல இருந்தது; கால்விரல்களைச் சுருட்டினான், இன்னும் கிட்டே வந்தது; மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடாமல், வயிற்றை முதுகோடு ஒட்டப் பிடித்து, தொண்டையை ஒரு நூல் அளவு மட்டும் திறந்து, அந்த நூல் வழியாக விட்டு விட்டுத் தள்ளினான். வந்துவிட்டது. ஹி, ஹி, ஹி என்று அச்சு அசலாக, மூன்றாவது வரிசையில் கேட்ட அதே சிரிப்பு.

“அதான்,” என்றாள் அவள்.

நிறுத்தப் பார்த்தான், வயிறு விடவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ கட்டவிழ்ந்து துள்ளியது, கண் இருட்டியது, எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது, ஓட இடமில்லாதது போலவும் இருந்தது, தொடைக்கு அடியில் உள்ளங்கை நசநசவென்று ஊறியது, பந்தியில் பாயசம் கேட்கிற சத்தமெல்லாம் அவனைப் பார்த்துக் கைகொட்டுகிற சத்தம் போல வந்து விழுந்தது. ஒரு சிரிப்பின் நேரம்தான். அவ்வளவுக்கே முதுகுச் சட்டை நனைந்துவிட்டது. மூச்சு திரும்பியதும் வாளிக்குப் பக்கத்தில் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான், சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் படுத்திருந்தும் பார்க்காத முகம் அது.

“ஏட்டி,” என்றான், கரகரவென்று, யாருடையது என்று அவனுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில், “நீ அன்னைக்குச் சிரிக்கவே இல்லயே.”